மேலே பத்து நிமிடம்... கீழே?

கோவை அவிநாசி சாலை மேம்பாலம் உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்குகிறது. நீளம் 10.1 கிலோமீட்டர். 2020 டிசம்பரில் தொடங்கிய பணி 1,791 கோடி ரூபாய் செலவில் முடிந்து, 2025 அக்டோபர் 9 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் பாலத்தைத் திறந்துவைத்தார். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 177 கோடி. பாலத்துக்கு வைத்த பெயர் ஜி.டி.நாயுடு. 1920-ல் ஒரேயொரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனத்தை எழுப்பியவர் அவர். சாலையும் வண்டியும் சேர்ந்து செல்வமாக மாறிய கொங்கு நாட்டுக் கதையில் முதல் அத்தியாயமே அவருடையதுதான். பெயர்ப் பொருத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாலத்தின் மேல் பத்து நிமிடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம் என்பது அரசு சொல்லும் கணக்கு. அது பெரும்பாலும் சரியே. விமான நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே ஓடுபவர்கள், திருப்பூர் பக்கமிருந்து நகருக்குள் வருபவர்கள் நன்றாகவே பயன் அடைந்திருக்கிறார்கள். ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் இருக்கிற கோவை மட்டும் பழைய கோவைதான். அண்ணா சிலையிலும் உப்பிலிபாளையத்திலும் மாலை ஆறு மணிக்கு இறங்குகிற வண்டிகள், அதே நஞ்சப்பா சாலைக்கும் ரேஸ்கோர்ஸுக்கும் டவுன்ஹாலுக்கும்தான் போயாக வேண்டும். மேலே மிச்சமான நிமிடங்களில் ஒரு பங்கு இறங்குமிடத்திலேயே செலவாகிவிடுகிறது.

இந்த நகரத்தின் நெரிசலில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. சாலை போதவில்லை என்பது ஒன்று. இருக்கிற சாலையில் விதி மீறல் தின்றுவிடும் பங்கு எவ்வளவு என்பது இன்னொன்று. முதல் கணக்குக்குக் கோவை இருபது ஆண்டுகளாகப் பணம் ஒதுக்கிவருகிறது. இரண்டாவது கணக்கை இன்னும் யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவில்லை.

ஒரு புள்ளியை நோக்கி ஒன்பது சாலைகள்

கோவையின் வரைபடத்தில் முதலில் கண்ணில் படுவது, எல்லாச் சாலைகளும் ஒரே இடத்தை நோக்கி வருவது. அவிநாசி சாலை, திருச்சி சாலை, சத்தி சாலை, மேட்டுப்பாளையம் சாலை, தடாகம் சாலை, மருதமலை சாலை, சிறுவாணி சாலை, பாலக்காடு சாலை, பொள்ளாச்சி சாலை என்று ஒன்பதும் உக்கடம், டவுன்ஹால், காந்திபுரம் வட்டாரத்துக்குள் வந்து முட்டுகின்றன. ஒரு சாலையிலிருந்து இன்னொரு சாலைக்குக் குறுக்கே தாவிச் செல்ல முழுமையான வட்டச்சாலை இல்லை. சரவணம்பட்டியில் இருப்பவர் வடவள்ளிக்குப் போக வேண்டுமென்றாலும், துடியலூரில் இருப்பவர் சிங்காநல்லூருக்குப் போக வேண்டுமென்றாலும், நகரின் நடுவை உரசாமல் போவது கடினம்.

இதில் ரயில் பாதையும் சேர்ந்துகொள்கிறது. கோவை நகருக்குள் ரயில் வந்தது 1873-ல், போத்தனூர் - மேட்டுப்பாளையம் பாதையில். அந்தப் பாதையும் பின்னால் வந்த இருகூர் இணைப்பும் நகரை ஊடறுத்துச் செல்கின்றன. பாதைக்கு இப்பாலும் அப்பாலும் போக இருப்பவை சில பாலங்களும் சுரங்கப்பாதைகளும்தான். லங்கா கார்னர், கிக்கானி பள்ளி அருகே உள்ள சுரங்கப்பாதை, பழைய அவிநாசி மேம்பாலத்தின் கீழ்ப்பகுதி ஆகிய மூன்றிலும் அரை மணி நேரக் கனமழைக்கே தண்ணீர் நிற்கும். ஒன்று மூழ்கினால் அதன் சுமை அப்படியே அடுத்த வழியின் தலையில் விழும். அன்று மாலை நகரம் முழுவதும் நிற்பதற்கு வேறு காரணம் எதுவும் தேவையில்லை.

மூன்றாவது காரணம் நிலத்தின் பயன் மாறியது. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய முதல் நூற்பாலைக்குப் பிறகு அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் மில்கள் வரிசையாக வந்தன. மில் தொழிலாளி மில்லுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். சங்கு ஊதினால் நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குப் போனார். ஷிஃப்ட் மூன்றாகப் பிரிந்திருந்ததால் எல்லோரும் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கவில்லை. அந்த மில் நிலங்களில் பல இன்று வணிக வளாகங்களாகவும் அடுக்குமாடிகளாகவும் நிற்கின்றன. லட்சுமி மில்ஸ் வளாகத்தில் 2023-ல் லூலூ ஹைப்பர் மார்க்கெட் திறந்தது. மூவாயிரம் பேர் நடந்து வந்த வாசலுக்கு மூவாயிரம் பேர் வண்டியில் வந்தால் எவ்வளவு சாலை வேண்டும் என்ற கேள்வி, கட்டட அனுமதிக் கோப்பில் அரிதாகவே எழுகிறது.

வடக்கே கதை இன்னும் வேகமானது. சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி வட்டாரங்களில் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் முளைத்தன. சத்தி சாலையோ, கர்நாடகம் போகும் லாரிக்கும் அன்னூர் டவுன் பஸ்ஸுக்கும் ஐ.டி. ஊழியரின் காருக்கும் பொதுவான ஒரே சாலையாகவே இருந்துவிட்டது. சரவணம்பட்டிச் சந்திப்பில் காலை ஒன்பது மணிக்கு நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த வரலாறு தெரியாது. ஆனால் விளைவு நன்றாகவே தெரியும்.

2011-ல் மாநகராட்சி எல்லை சுமார் 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 72-லிருந்து 100 ஆயின. வாகனப் பதிவு எண்ணில் ஒரு காலத்தில் டி.என். 37, 38 என்று இரண்டே கோவைக்குப் போதுமானதாக இருந்தன. பின்னர் 66 வந்தது, 99-உம் வந்தது. விரிந்த எல்லைக்குள் பெருகிய இந்த வண்டிகள் அத்தனையும் ஓட வேண்டியது பழைய ஒன்பது சாலைகளில்தான்.

பாலங்கள் சொன்ன பாடம்

மேம்பாலம் எதையும் தீர்க்காது என்று சொல்வது நியாயமில்லை. எந்தப் பாலம் எதைத் தீர்க்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காந்திபுரம் இரண்டடுக்கு மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளலாம். 2017-ல் திறந்த முதல் அடுக்கு, நஞ்சப்பா சாலையிலிருந்து காந்திபுரத்தின் தலைக்கு மேலாகப் போய் சத்தி சாலையில் இறங்குகிறது. காந்திபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காந்திபுரத்துக்கே வருகிறவர்கள். பேருந்து நிலையம், கிராஸ்கட் ரோடு, நூறடி ரோடு, நகைக்கடை, ஜவுளிக்கடை, மருத்துவமனை என்று அவர்களுக்கு வேலை கீழேதான். ஊரைத் தாண்டிப் போகிறவர்களுக்காகக் கட்டிய பாலம், ஊருக்குள் வருகிறவர்களின் நெரிசலை எப்படிக் குறைக்கும்? திறந்த நாள் முதல் இந்தக் கேள்வியை ஆட்டோக்காரர்களும் கடைக்காரர்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பாலத்தின் கதை வேறு. 3.8 கிலோமீட்டர் நீளத்தில் 2024 ஆகஸ்ட் 9 அன்று திறந்த இந்தப் பாலத்தின் கீழே பாலக்காடு சாலையும் பொள்ளாச்சி சாலையும் பிரிகின்றன. கேரளத்துக்கும் பொள்ளாச்சிக்கும் போகிற வண்டிகளுக்கு உக்கடத்தில் எந்த வேலையும் கிடையாது. கடந்துபோனால் போதும். அதனால் இந்தப் பாலம் பலன் தந்தது. ஒரே நகரம், ஒரே துறை, இரண்டு பாலங்கள். வித்தியாசம் வண்டி எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. மேம்பாலத்துக்கு மண் பரிசோதனை செய்வதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட வேண்டும்.

திருச்சி சாலை மேம்பாலம் வேறொரு பாடம் சொன்னது. ராமநாதபுரத்தையும் சுங்கத்தையும் இணைத்து 2022 ஜூனில் திறந்தது. சுங்கம் பக்கத்தில் பாலம் வளைகிறது. நேர்ப்பாதையில் கிடைத்த வேகத்தோடு அந்த வளைவுக்கு வந்த டூவீலர்கள் தடுப்புச் சுவரில் மோதின. திறந்த சில மாதங்களுக்குள்ளேயே உயிர்கள் போயின. பாலத்தைத் தற்காலிகமாக மூடி, வேகத்தடைகளும் எச்சரிக்கைப் பலகைகளும் வைத்துத்தான் மீண்டும் திறந்தார்கள். வேக வரம்பு எவ்வளவு என்பது பலகையில் இருந்தது. அதைப் பின்பற்ற வைக்கிற ஏற்பாடு இல்லாதபோது வடிவமைப்பின் குறை மரணமாக மாறியது.

நெரிசலுக்குச் சாலையை அகலப்படுத்துவதே மருந்தென்றால் உலகின் பெரிய நகரங்கள் எப்போதோ குணமாகியிருக்கும். அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962-லேயே இதை விளக்கினார். நெரிசல் நேரத்துச் சாலை ஒன்றை விரிவாக்கினால், வேறு சாலையில் போனவர்கள், வேறு நேரத்தில் போனவர்கள், பஸ்ஸில் போனவர்கள் மூவரும் அங்கே வந்து சேர்வார்கள். சீக்கிரமே பழைய நிலை திரும்பிவிடும். அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு இன்னும் வயதாகவில்லை. டவுன்ஸ் சொன்னது கோவைக்குப் பொருந்துமா என்பதை வரும் ஆண்டுகள் காட்டும்.

சிக்னலை எடுத்துவிட்ட நகரம்

கோடிகளே இல்லாமல் கோவை ஒரு பரிசோதனை செய்தது. அது பாலங்களைவிடச் சுவாரஸ்யமானது. 2022 முதல் மாநகரப் போலீசார் சந்திப்பு சந்திப்பாக சிக்னலை அணைத்தார்கள். லாலி ரோடு, சிந்தாமணி போன்ற இடங்களில் ரவுண்டானா அமைத்தார்கள். வேறு பல இடங்களில் சந்திப்பின் நடுவை மூடி, சற்றுத் தள்ளி யு டர்ன் வைத்தார்கள். முதலில் மணல் மூட்டையும் இரும்புத் தடுப்பும் வைத்துப் பார்ப்பது, சரியாக வந்தால் சிமென்ட்டில் நிரந்தரமாகக் கட்டுவது என்பது நடைமுறை.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நான்கு சாலைகள் கூடும் சிக்னலில் ஒரு சுற்று 120 விநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு சாலைக்குக் கிடைப்பது 30 விநாடி. அதிலும் பச்சை விழுந்ததும் முதல் வண்டி கிளம்ப இரண்டு மூன்று விநாடி, மஞ்சளில் இரண்டு மூன்று விநாடி வீண். மற்ற 90 விநாடியும் வரிசை வளர்ந்துகொண்டே போகும். குறுக்கே போவதைத் தடுத்து எல்லோரையும் இடதுபுறம் திருப்பிவிட்டால், வண்டி மெதுவாகவேனும் நகர்ந்துகொண்டே இருக்கும். பயண தூரம் அரை கிலோமீட்டர் கூடும், நிற்கும் நேரம் போய்விடும். லாலி ரோட்டில் சிக்னலுக்காக மருதமலை சாலை வரை வரிசை நின்றதைப் பார்த்தவர்களுக்கு, ரவுண்டானா வந்த பிறகு ஏற்பட்ட மாற்றத்தை விளக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சிக்னல் இல்லாத சாலையில் விதிதான் சிக்னல். ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை, நுழைகிறவர் நின்று பார்த்துத்தான் நுழைய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. கோவையில் ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நடைமுறையில் முன்னுரிமை என்பது யாருடைய முன்சக்கரம் ஒரு அடி முந்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பஸ் வந்தால் கார் ஒதுங்கும், கார் வந்தால் ஆட்டோ ஒதுங்கும், டூவீலர் எதற்கும் ஒதுங்காமல் இடைவெளியில் நுழையும்.

யு டர்ன் இடங்களில் இதை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். திரும்புவதற்கென்று நடுத்தடுப்பில் விட்டிருக்கும் இடைவெளியில் ஒரு கார்தான் நிற்க முடியும். அந்தக் காரின் இடப்பக்கம் இரண்டு பைக்குகள், வலப்பக்கம் தடுப்பை உரசியபடி ஒரு ஸ்கூட்டர், முன்னால் மூக்கை நீட்டியபடி ஒரு ஆட்டோ. நான்கும் ஒரே நேரத்தில் திரும்பப் பார்க்கின்றன. எதிரே நேராக வருகிறவர் முதல் இரண்டு முறை ஹாரன் அடிப்பார், மூன்றாவது முறை நின்றுவிடுவார். நின்ற நொடியில் அவருக்குப் பின்னால் வரிசை தொடங்கிவிடும். சிக்னலில் ஓரிடத்தில் நின்ற நெரிசல் நூறு மீட்டர் தள்ளிப் போய் நிற்கிறது, அவ்வளவுதான்.

யு டர்ன் தொலைவில் இருந்தால் இன்னொரு விளைவும் உண்டு. எதிர்ப்புறம் கண்ணுக்கெதிரே இருக்கும் கடைக்குப் போக அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றால், கணிசமானவர்கள் ராங் சைடில் வந்துவிடுகிறார்கள். இதை வெறும் ஒழுக்கக் குறையாகப் பார்ப்பது அரை உண்மை. தூரத்தைக் கூட்டுகிற வடிவமைப்பு, மீறலுக்கான ஆசையையும் கூட்டுகிறது. தூரத்தைக் கூட்டியவர்களுக்கு அங்கே ஆளோ கேமராவோ வைக்கும் கடமையும் கூடுகிறது.

எல்லாவற்றையும்விட மோசமாக மாட்டிக்கொண்டது நடப்பவர். சிக்னல் இருந்தபோது சிவப்பு விழும் சில விநாடிகளில் அவர் சாலையைக் கடக்க முடிந்தது. இப்போது ஓட்டம் நிற்பதே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கும் வயதானவர், பள்ளிப் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கும் தாய் இருவரும் கையை நீட்டிக்கொண்டே, வருகிற வண்டியின் கருணையை நம்பி இறங்க வேண்டியிருக்கிறது. வெள்ளைக் கோட்டில் நடப்பவருக்கே முன்னுரிமை என்று சட்டம் சொல்கிறது. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை சொல்கிறது. ரேஸ்கோர்ஸைத் தாண்டி வந்தால், கோவையில் அந்த 1.8 மீட்டரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அபராதம் ஏறியது, பயம் ஏறவில்லை

சட்டத்தில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படியான புதிய அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாய் என்றிருந்தது 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும், வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. பிடிபட்ட பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இவ்வளவு கடுமையான பட்டியலுக்குப் பிறகும் மாலையில் டியூஷன் விடும் நேரத்தில் எந்தக் குடியிருப்புத் தெருவிலும் மூன்று பேராக ஸ்கூட்டரில் வரும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் கிடைக்கும் என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சட்ட அறிஞர் பெக்காரியா 1764-ல் எழுதினார். சாலை விதிக்கு இதைவிடப் பொருத்தமான துறை இல்லை. ஆயிரம் முறை மீறினால் ஒரு முறை பிடிபடும் குற்றத்துக்கு அபராதத்தைப் பத்து மடங்காக்கினாலும், ஓட்டுகிறவரின் மனக்கணக்கில் அது சில்லறைதான்.

ஹெல்மெட்டே இதற்குச் சாட்சி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று அரசு அறிவித்தபோது, கடைகளில் ஹெல்மெட்டே கிடைக்காத அளவு கூட்டம் அலைமோதியது. சில மாதங்களில் அது பெட்ரோல் டாங்க் மேலும் முழங்கையிலும் போய் உட்கார்ந்துகொண்டது. போலீசார் நிற்கும் இடத்துக்கு ஐம்பது மீட்டர் முன்னால் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதை நகரம் பெரும்பாலும் மறந்தேவிட்டது.

கேமராவும் இ-செல்லானும் இந்த நிச்சயத்தைக் கொண்டுவரும் என்று எதிர்பார்த்தார்கள். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167ஏ, மின்னணுக் கண்காணிப்பை முறைப்படுத்தியது. மீறல் நடந்து 15 நாளுக்குள் வண்டி உரிமையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்றது. கேமரா பாரபட்சம் பார்க்காது, "நம்ம பையந்தானுங்க, விட்டுடுங்க" என்று அதனிடம் போனில் சொல்ல முடியாது. இவை இரண்டும் பெரிய நன்மைகள். பலவீனம் செல்லானுக்குப் பிறகு தொடங்குகிறது. போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. எண் பழையது என்றால் அதுவும் வராது. கட்டாமல் விட்டால் உடனடியாக எதுவும் நடப்பதில்லை. வண்டியை விற்கும்போதோ தகுதிச் சான்றுக்குப் போகும்போதோ மொத்தமாகத் தலைகாட்டும். தவறுக்கும் தண்டனைக்கும் நடுவே ஒரு வருடம் இடைவெளி விழுந்தால், தண்டனை எந்தத் தவறுக்கு என்பதே மறந்துபோகிறது.

எதைப் பிடிக்கிறார்கள் என்பதும் முக்கியம். நின்று பிடிக்க வசதியான குற்றம் ஹெல்மெட். அதனால் அது அதிகம் பிடிபடுகிறது. உயிர் காப்பது என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நெரிசலை உண்டாக்குபவை வேறு. இடது ஓரத்தில் நிறுத்திய கார், ராங் சைடில் வரும் பைக், நிறுத்தத்தைத் தாண்டி நடுச்சாலையில் ஆளேற்றும் பஸ், பகலில் சரக்கிறக்கும் லாரி ஆகிய நான்கின் மீதும் அதே தீவிரம் காட்டினால் சாலையின் அகலம் ஒரு பைசா செலவில்லாமல் கூடும்.

மாநில அளவில் நிலைமை சிரிக்கும்படியாக இல்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். சாலைப் பாதுகாப்புக்கென்றே கோவையில் தொடங்கிய 'உயிர்' அமைப்பு கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் விழிப்புணர்வை ஓர் இயக்கமாக நடத்திவருகிறது. நல்ல பணி. என்றாலும் விழிப்புணர்வு அமலாக்கத்துக்குத் துணையாக இருக்கலாமே தவிர அதற்கு மாற்றாக முடியாது.

ஓரத்தில் நிற்கிற வண்டி

ஒப்பணக்கார வீதி, ராஜ வீதி, பெரிய கடை வீதி, கிராஸ்கட் ரோடு ஆகியவற்றின் பாதி அகலம் வாகன நிறுத்துமிடமாகிவிட்டது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் கட்டிய பல்லடுக்கு வாகன நிறுத்துமிடத்தில் இடம் காலியாகக் கிடக்க, அதே தெருவில் கார்கள் இரட்டை வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. தெருவில் இலவசம், உள்ளே கட்டணம். தெருவில் நிறுத்தினால் அபராதம் நிச்சயம் என்றால் மட்டுமே உள்ளே கட்டணம் கட்டுவது லாபம். நிறுத்துமிடம் கட்டுவதும் தெருவில் நிறுத்துவதைத் தடுப்பதும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதிகள். கட்டுமானப் பாதிக்கு மட்டும் டெண்டர் விட்டிருக்கிறார்கள்.

முகூர்த்த நாளில் கோவையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொங்கு நாட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் என்பது சிறிய கூட்டம். முந்தைய நாள் மாலை வரவேற்புக்கு மண்டபத்தின் உள்ளே நூறு கார், வெளியே சாலையின் இருபுறமும் இருநூறு. மண்டபம் கட்ட அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் காட்டிய வாகன நிறுத்துமிடம், பிறகு சமையல் கூடமாகவோ கிடங்காகவோ மாறியிருப்பது புதிதல்ல. இது போக்குவரத்துப் போலீசாரின் வேலை அல்ல, கட்டட அனுமதி தருபவர்களின் வேலை. நெரிசலில் விசில் ஊதுகிறவரிடம் மட்டும் கோபப்படுவது இடம் மாறிய கோபம்.

டைமிங்

தனியார் டவுன் பஸ்கள் கோவையின் தனி அடையாளம். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடக் கணக்கில் டைமிங் உண்டு. முன்னால் போகும் பஸ் மூன்று நிமிடம் தாமதித்தால் பின்னால் வருகிறவரின் கலெக்‌ஷன் போய்விடும். அதனால் முந்துவதும், நிறுத்தத்தில் குறுக்கே போட்டு மறிப்பதும், "எங்க டைம்ல நீங்க ஏனுங்க ஏத்தறீங்க?" என்று தொடங்கும் மரியாதையான சண்டை இரண்டே நிமிடத்தில் மரியாதை இழப்பதும் தினசரிக் காட்சி. ஏர் ஹாரனுக்குத் தடை உண்டு. அது பயணிகளுக்குத் தெரியும், ஓட்டுநருக்கும் தெரியும். வருமானம் ஒவ்வொரு டிக்கெட்டோடும் கட்டுண்டிருக்கும் வரை, ஓட்டுநரைத் தனிமனிதராகத் திட்டுவதில் பயன் குறைவு. ஓட்டப்பந்தயத்தை உண்டாக்குவது டைமிங் அட்டவணை.

இவ்வளவு குறையிருந்தும், நெரிசலைக் குறைக்கும் சக்தி இந்த பஸ்ஸிடம்தான் இருக்கிறது. ஐம்பது பேரை ஏற்றிய ஒரு பஸ் மூன்று கார்களுக்கான இடத்தை அடைக்கும். அதே ஐம்பது பேர் டூவீலரில் வந்தால் நாற்பது வண்டி. அவை அடைப்பது குறைந்தது இருபது கார்களுக்கான இடம். 2021-ல் பெண்களுக்கு அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரிய திருப்பம். ஆனால் கூட்டத்துக்கு ஏற்ப பஸ் கூடவில்லை என்றால், டூவீலர் வாங்கும் வசதி வந்த முதல் மாதமே பயணி பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவார்.

கோவைக்கு வெளியேயும் இதே கதை உள்ளூர் உருவில் நடக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேன்களும் சரக்கு ஆட்டோக்களும் குமரன் சாலையையும் பழைய பேருந்து நிலையத்தையும் நிரப்புகின்றன. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் கால் வைக்க இடமிருக்காது. ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்காவும் மணிக்கூண்டும் மாட்டுவண்டிக் காலத்து அகலத்திலேயே இருக்கின்றன. சேலத்தில் ஐந்து ரோட்டை மையமாக வைத்து 7.87 கிலோமீட்டர் நீளத்தில் ஈரடுக்கு மேம்பாலம் 2020-ல் முழுமையாகத் திறந்தது. மேட்டுப்பாளையமோ கோவைப் பக்கமிருந்து ஊட்டி போகிறவர்களுக்கு வாசல். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்த பிறகும் கோடை விடுமுறையில் அந்த ஊரின் நடுத்தெரு தப்பவில்லை.

இனி வரப்போவது

நகருக்குள் வேலையில்லாத வண்டியை வெளியிலேயே திருப்பிவிடுவதுதான் அடிப்படை. நீலம்பூரிலிருந்து மதுக்கரை வரை 28 கிலோமீட்டர் எல் அண்ட் டி புறவழிச்சாலை அந்த வேலையைக் கிழக்கில் செய்கிறது. ஆனால் இவ்வளவு காலமும் இருவழிச் சாலையாகவே இருந்து, எதிரெதிர் மோதல்களுக்குப் பேர்போனது. மேற்கே மதுக்கரை பக்கத்திலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கிலோமீட்டரில் மேற்குப் புறவழிச்சாலையை மூன்று கட்டங்களாகத் திட்டமிட்டார்கள். அது முழுமை அடைந்தால்தான் பாலக்காட்டிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் லாரி உக்கடத்தைப் பார்க்காமல் போகும். வெள்ளலூரில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையத்தை 2020-ல் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்கள். நான்கைந்து பேருந்து நிலையங்களுக்கு இடையே பயணி மூட்டையோடு மாறி மாறி அலைவது தொடர்கிறது.

மெட்ரோ ரயிலுக்கு அவிநாசி சாலை, சத்தி சாலை என்று இரண்டு வழித்தடங்களில் சுமார் 10,740 கோடி ரூபாய்த் திட்டத்தை மாநில அரசு அனுப்பியது. 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கைப்படி மக்கள்தொகை 20 லட்சம் வேண்டும், 2011 கணக்கெடுப்பில் கோவைக்கு அவ்வளவு இல்லை என்பது முதன்மைக் காரணம். சில நிலையங்களுக்குப் போதிய சாலை அகலம் இல்லை என்பதும் காரணங்களில் ஒன்று. பதினான்கு ஆண்டு பழைய எண்ணைக் கொண்டு இன்றைய நகரை அளப்பது நியாயமா என்ற மாநில அரசின் கேள்வியில் வலு இருக்கிறது. ஆனால் மெட்ரோ வந்தாலும் பயணி நிலையத்துக்கு நடந்து வர நடைபாதை வேண்டும், இறங்கிப் போக டவுன் பஸ் வேண்டும். சிங்கப்பூர் தன் முதல் மெட்ரோவுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1975-ல், நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைத்தது. ஒழுங்கு முதலில் வந்தது, ரயில் பிறகு வந்தது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. அந்த எண் வந்து, மெட்ரோ மீண்டும் பேச்சுக்கு வந்து, ஒப்புதலாகி, தூண் எழுந்து, ரயில் ஓடும் வரை கோவை இப்போதிருக்கும் சாலைகளிலேயே ஓடியாக வேண்டும். அதுவரை மாநகராட்சியும் மாநகரக் காவல் துறையும் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. நடைபாதையைக் காலி செய்தால் போதும், தெருவோரம் நிறுத்துவதைத் தடுத்தால் போதும், செல்லானை வசூலித்தால் போதும்.